எனக்குத் தெரியாமல் இறங்கிய ஒரு கட்டை

பெங்களூரில் ராக் பாடும் இளசுகள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அதில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஓடாத ஸ்கூட்டரை வீட்டு வாசலில் நிறுத்தி வைக்கிறோமே, அந்த மாதிரி. தூக்கிப் போடவும் மனசு வராது, ஏறி உதைக்கவும் யாருக்கும் தோன்றாது. போன வாரம் அதில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: "முனி அண்ணா, உங்க ரேஞ்ச் எவ்ளோ இருந்துச்சு? அந்த ஹை நோட் எல்லாம் எப்படி எடுத்தீங்க? டெக்னிக் பத்திக் கொஞ்சம் எழுதுங்களேன்."

இந்தத் தலைமுறை கொடுத்து வைத்தது. எட்டாத பாட்டின் சுருதியை லேப்டாப்பில் ஒரு தட்டு தட்டிக் கீழே இறக்கிவிடுகிறார்கள். அதையும் பாடுகிறவனைக் கேட்டே செய்கிறார்கள். டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிற மாதிரி, "இன்னிக்கு எவ்ளோ வெக்கட்டும்?" என்கிறார்கள். அவனும் வெட்கமே இல்லாமல், "ஒரு கட்டை எறக்குடா, சளி" என்கிறான். அந்தக் கேள்வியை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் இன்னும் பாடிக்கொண்டிருப்பேனோ என்னவோ.

அதனால் டெக்னிக்கைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னுடைய ஹை நோட் போய் மூன்று வருடம் கழித்துத்தான் அது போன சேதி எனக்கு வந்தது. நடுவில் இருந்த மூன்று வருடமும் அது பத்திரமாக இருப்பதாக நினைத்து மேடை மேடையாகக் காலரைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

வீட்டில் எனக்கு முனியப்பன் என்று பெயர். போஸ்டரில் அதை வெள்ளைக்காரப் பெயர் மாதிரி 'மூனி' என்று போட்டோம். பார்க்கிறவன் அயர்லாந்திலிருந்து ஒரு வெள்ளைக்காரன் வருகிறான் என்று நினைத்து டிக்கெட் வாங்குவான். மேடையில் நான் வந்து நிற்பேன், கோலார் தங்கவயல் வெயிலில் காய்ந்த நிறத்தோடு. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் படுத்த பிறகு குடும்பத்தோடு பெங்களூர் நீலசந்திராவுக்கு வந்தோம். ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் எனக்கு வேலை. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் அங்கே பேசவே முடியும். என் சங்கீதப் பயிற்சி என்று சொன்னால் அதுதான். சூப்பர்வைசரை நாலு வரிசை தள்ளியிருந்து கூப்பிடத் தெரிந்தவன் ராக் பாட மாட்டானா என்ற தைரியத்தில் பாட வந்தேன்.

எங்கள் பேண்டின் பெயர் க்ரஷர். தங்கப் பாறையை நொறுக்குகிற இயந்திரத்தின் நினைவாக வைத்தது. கேட்டவர்கள் எல்லாரும் கரும்பு ஜூஸ் கடையா என்றுதான் கேட்டார்கள். வைத்தவர் சாமுவேல் அண்ணன். அவரும் தங்கவயல்காரர்தான். மர்பி டவுனில் டூ வீலர் ஷெட் வைத்திருந்தார். ஷெட்டுக்கு மேலே ஓர் அறை. சத்தம் வெளியே போகாமல் சுவர் முழுக்க முட்டை அட்டையும் பழைய பஞ்சுப் போர்வையும் அடித்து, அதில்தான் பிராக்டிஸ். லீட் கிட்டார் அவர். பேஸ் கிட்டார் வாசித்தது யூசுஃப். எங்கள் தெருப் பையன்தான், நகைச்சுவை உணர்ச்சியில் எனக்குப் போட்டி. டிரம்ஸுக்கு அவ்வப்போது ஆள் மாறுவார்கள். ஏன் மாறினார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதுவும் என் பெருமைகளில் ஒன்று.

சாமு அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் என் குரலைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவர் யாரையும் கிட்டார் ட்யூன் பண்ண விடமாட்டார். யூசுஃபுடைய பேஸ் உள்பட எல்லாவற்றையும் அவரே செய்வார். ஷெட்டிலிருந்து மேலே வந்ததும் பெட்ரோல் தொட்ட துணியால் விரல் விரலாகத் துடைப்பார், அப்புறம் சோப்பு, அப்புறம் பழைய லுங்கித் துணி. சுவரைப் பார்த்து எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்வார். கிட்டாரின் மரத்தில் காதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தந்தியாகத் தட்டித் திருகுவார். கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்புகிற அதே கை, கொஞ்சம் முன்னே, அதில் பாதி பின்னே. அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. முடிந்ததும் "ம்" என்பார். அவரிடம் மொத்தமே ரெண்டு மூணு வார்த்தைதான். நன்றாகப் பாடினால் "சாப்டியா?" என்பார். சுமாராகப் பாடினால் "செயினு லூசாக்கீது" என்பார். மோசமாகப் பாடினால் ஒன்றும் சொல்லாமல் பாதாம் பால் வாங்கிக் கொடுப்பார். பாதாம் பால் கடையைக் கண்டாலே நான் எதிர்ப்பக்கம் நடப்பேன்.

பாடுவதற்கு முன் குரலைச் சூடு பண்ண வைத்ததும் அவர்தான். "காலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணதும் கியர் போட்டு இழுத்தினா இன்ஜினு இன்னாத்துக்கு ஆவும்?" என்பார். அதனால் முதலில் உதட்டை மூடிக்கொண்டு 'பிர்ர்ர்' என்று குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிற மாதிரி கீழிருந்து மேலே போய் வருவேன். பிறகு ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர், அதில் ஒரு ஸ்ட்ரா. ஸ்ட்ரா வழியாக 'ஊ' என்று பாடினால் தண்ணீர் கொப்பளிக்க வேண்டும், ஆனால் ஒரே சீராகக் கொப்பளிக்க வேண்டும். மூச்சு திணறினால் தண்ணீரே காட்டிக் கொடுத்துவிடும். கடைசியில் சைரன் மாதிரி ஓர் 'உவ்வ்வ்'. அதைக் கேட்டு நீலசந்திரா சந்தில் ஆட்டோக்காரர்கள் ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டது உண்டு. இதற்கெல்லாம் சுருதி சாமு அண்ணன் கிட்டாரின் தந்திதான். எனக்குக் கீபோர்டு கிடையாது, பேண்டிலும் கீபோர்டு கிடையாது. அவர் தட்டுகிற தந்தி எங்கே இருக்கிறதோ அங்கேதான் எனக்கு 'ச'. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டெக்னிக். நாம் பேசுகிறது நெஞ்சுக் குரல். அதையே மேலே தள்ளிக்கொண்டு போனால் ஓரிடத்தில் முட்டும். அதற்கு மேலே இருப்பது தலைக் குரல். மெல்லிசாக, காற்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு திருப்பம் இருக்கிறது. எந்தக் குரலும் அங்கே நெரிசலில் மாட்டும். பெங்களூரில் வண்டிகள் மாட்டிக்கொண்டு நிற்கிற சில்க் போர்டு ஜங்ஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். விவரமான பாடகன் அங்கே போய் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கமாட்டான். ரொம்ப முன்னாலேயே, கீழ் சுரத்திலேயே, தலைக் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க ஆரம்பித்துவிடுவான். பால்காரன் தண்ணீர் கலக்கிற மாதிரி, குடிக்கிறவனுக்குத் தெரியாமல். மேலே போனதும் அது முழு நெஞ்சுக் குரல் போலவே கேட்கும், ஆனால் பாதி கனம்தான் இருக்கும்.

நான் கலக்கமாட்டேன். கலப்படம் எனக்குப் பிடிக்காது. முழு நெஞ்சுக் குரலையும் தூக்கிக்கொண்டு, முகவாயை மேலே தூக்கி, நாக்கின் அடியை இறுக்கி, கழுத்து நரம்பு புடைக்க இடித்துக்கொண்டு போவேன். முன்வரிசைக்குக் கழுத்து நரம்பு தெரியும் இல்லையா, அதற்குத் தனிக் கைதட்டு. கரகரப்பும் அப்படித்தான். குரல் நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது, அதை நெருக்கித்தான் அந்தச் சத்தத்தை வரவழைக்க வேண்டும், கீழே நாண்கள் சுத்தமாக அதிர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பாடி முடித்ததும் தொண்டை வலிக்கவே கூடாது. எனக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பிறகு வலித்தது. உழைத்தால் வலிக்கத்தானே செய்யும் என்று பெருமையாக இருந்தேன்.

எங்களிடம் சொந்தப் பாட்டு ஒன்று இருந்தது. சாமு அண்ணன் தன் அப்பாவை நினைத்துப் போட்டது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கூண்டைப் பற்றியது. கூண்டு கீழே கீழே போகப் போக, பாட்டு மேலே மேலே போகும். கடைசி எடுப்பில் ஹை சி. ஆண் குரலுக்கு அது மொட்டைமாடி. அதைப் பிடித்து நிறுத்தி வைப்பேன். ஊரில் எங்களை யாருக்காவது தெரியும் என்றால் அந்த ஒரு சுரத்துக்காகத்தான்.

நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு மத்தியானம் எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு கம்பெனியின் குடும்ப விழா. சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் பாட்டு. கடைசி எடுப்பில் குரல் உடைந்தது. பிஞ்சு வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பார்களே, அந்தச் சத்தம். முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அங்கேயே சவுண்டு ஆளைப் பார்த்து முறைத்தேன், கீழே இறங்கியதும், "என் குரலு எனக்கே கேக்கல, இன்னா மானிட்டர் வெச்சிக்கிற நீ?" என்று கத்தினேன். பாவம், அவர் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். சாமு அண்ணன் வழியில் வண்டியை நிறுத்திப் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார்.

இங்கே டிரம்மர்கள் மாறிய கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் பீட்டர் என்று ஒருவர் இருந்தார். ஒரு தடவை பிராக்டிஸில், "முனி, கொஞ்சம் ஃப்ளாட்டா போற மாதிரி இருக்கு" என்றார். சுருதி கொஞ்சம் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னார். நான் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். சாமு அண்ணனும் யூசுஃபும் பிரியாணியோடு வந்து சமாதானம் பண்ணுகிற வரைக்கும் திரும்பவில்லை. திரும்பியபோது பீட்டர் இல்லை. இதைக் கேட்டுவிட்டு, என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று யாராவது அவர்களைக் கேட்டால், நான் அவர்கள் பக்கம்தான்.

வெண்டைக்காய் ஒடிந்த அடுத்த வாரம் பிராக்டிஸுக்குப் போனேன். கிட்டார் சத்தம் வேறு மாதிரி இருந்தது. கொஞ்சம் கனமாக, இருட்டாக.

"இன்னாண்ணா, புது ஆம்ப்ளிஃபயரா?"

"தந்தி மாத்திக்கிறேன். தடிசு."

"செமையாக்கீது. எனக்கே இன்னிக்கு குரலு நல்லா தொறந்துகிச்சு பாருங்க."

"ம்."

யூசுஃப் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பு வாங்கி ரொம்ப நாளாயிற்று போல என்று நினைத்தேன்.

நடந்தது இதுதான். ஆறு தந்தியையும் ஒரே அளவுக்குத் தளர்த்தினால் விரல் வைக்கிற இடம் மாறாது, பாட்டு மாறாது, பார்க்கிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. யூசுஃபின் பேஸையும் அதே அளவு தளர்த்திவிட்டால் மொத்தப் பாட்டும் அப்படியே கீழே இறங்கிவிடும். தளர்த்தினால் தந்தி தொளதொளவென்று ஆகுமே, அதற்குத்தான் தடித்த தந்தி. அந்த வாரம் அரைக் கட்டை இறக்கினார். அடுத்த மாதமே இன்னோர் அரைக் கட்டை. நான் ஹை சி என்று நினைத்துக் கண்ணை மூடி நிறுத்தியதெல்லாம் அதற்கு ஒரு கட்டை கீழே இருக்கிற பி ஃப்ளாட். சூடு பண்ணுகிற சுருதியும் அவர் தந்தியிலிருந்துதானே வருகிறது, அதனால் அங்கேயும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வயசு ஏற ஏற என் குரல் இளமையாகிக்கொண்டே போவதாக எல்லாரிடமும் சொன்னேன். அதற்குக் காரணம் காலையில் குடிக்கிற இஞ்சித் தண்ணீர் என்று நாலு பேருக்குச் சிபாரிசும் செய்தேன். அவர்கள் இன்னும் குடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

அந்த மூன்று வருடத்தில் நான் பாடியதுபோல் அதற்கு முன்னால் பாடியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிறகு ஒலிப்பதிவுகளைக் கேட்டபோது தெரிந்தது. முட்டல் மோதல் இல்லை, வரிகள் புரிகின்றன, கூண்டு இறங்குகிற இடத்தில் குரலில் ஒரு பயம் இருக்கிறது. இளமையில் அந்த இடத்தில் வெறும் கழுத்து நரம்பு மட்டும்தான் இருந்தது.

அப்புறம் ஒரு பெரிய பேண்டிலிருந்து அழைப்பு வந்தது. ஊர் ஊராகப் போகிற பேண்டு. பெங்களூரில் ஒரு மைதானத்தில் பகல் நிகழ்ச்சி, அதில் இந்த ஊர்ப் பாட்டு ஒன்று வேண்டும் என்று எங்கள் கூண்டுப் பாட்டை எடுத்துக்கொண்டார்கள். வாசிக்கிறது அவர்கள், பாடுகிறது நான். எங்கள் பழைய ஒலிப்பதிவைக் கேட்டு ஒரு சுரம் பிசகாமல் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். பழையது என்றால், இறக்குவதற்கு முந்தையது. வயலின் கூட்டத்தையெல்லாம் ஏற்கெனவே பதிவு பண்ணி லேப்டாப்பில் வைத்திருந்தார்கள், அதே பழைய உயரத்தில்.

சாமு அண்ணனிடம் சேதி சொன்னபோது ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"வோணாம் முனி."

"ஏண்ணா?"

"அவங்க செட்டு வேற."

"பாட்டு நம்மளுதுதானே?"

"பாட்டு நம்மளுதுதான்." கொஞ்ச நேரம் ஒரு போல்ட்டைத் துடைத்தார். "வெயில் ஜாஸ்தியா இருக்கும்டா."

ராக் பாடகனை வெயில் அடிக்கும் என்று பயம் காட்டிய ஒரே மனிதர் அவர்தான். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நிகழ்ச்சிக்கு முன்னால் சவுண்டு செக் நடந்தது. அங்கே யாரும் முழுக் குரலில் பாடமாட்டார்கள். குரலைச் சேமிக்கக் கீழ் ஸ்தாயியில் முனகிவிட்டு, மைக் சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். நானும் அப்படியே முனகினேன். ஏதோ புதுச் சட்டை மாதிரி அங்கங்கே பிடித்தது. புது ஆட்கள், பெரிய மேடை, அதனால் என்று நினைத்தேன். இறங்கி வந்தால், மேடை ஓரத்தில் சாமு அண்ணன் நிற்கிறார். ஷெட் உடுப்பு, கையில் கிரீஸ்கூடக் கழுவவில்லை. அவர்களுடைய கிட்டார் பையனிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

"ஒரு கட்டை எறக்கினா போதும் தம்பி. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும்."

"முடியாது அங்கிள். ட்ராக் ஃபிக்ஸ் ஆகியிருக்கு. லாஸ்ட் மினிட்ல எப்படி?"

நான் பக்கத்தில் போனேன். "இன்னாண்ணா பண்றீங்க இங்க?"

என்னைத் தனியாகக் கூட்டிப்போக என் கையைப் பிடித்தார். நான் நகரவில்லை. மேடை ஆட்கள் எல்லாரும் பார்க்கிறார்கள்.

"கடைசி எடுப்ப உட்டுடு முனி. கீழயே முட்ச்சிடு. இல்லனா மைக்க ஜனங்க கைல நீட்டு, அவங்க பாடிக்கட்டும். எல்லாரும் அப்டிதான் பண்றாங்க."

"எதுக்கு?"

வாயைத் திறந்தார். மூன்று வருடத்துப் பொய்யை ஒரு வரியில் எப்படிச் சொல்வது? சொன்னால் நான் அந்த நிமிஷமே உடைந்துபோவேன், சொல்லாவிட்டால் இன்னும் ஒரு மணி நேரத்தில். அவர் முகத்தில் அது ஓடியது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது எனக்கு வேறு ஒன்று தெரிந்தது.

"உங்க பாட்ட வேற ஒருத்தன் வாசிக்கிறான்னு வயிறு எரியுதாண்ணா?" என்று கேட்டேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. பேக்கிங் பிரிவுக் குரல் அது, மெதுவாகக் கேட்க வராது.

"ம்" என்றார். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய், கூட்டத்தோடு நின்றுகொண்டார்.

பாட்டு தொடங்கியது. முதல் சரணத்திலேயே மாடிப்படியில் ஒரு படி அதிகம் இருக்கிற மாதிரி கால் தடுக்கியது. பரவாயில்லை என்று இடித்துக்கொண்டு போனேன். முதல் பல்லவி வந்தது. வலித்தது. இரண்டாவதும் வந்தது. கூட்டம் கைதட்டியது. கழுத்து நரம்பு பிரமாதமாகத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி எடுப்புக்கு முகவாயைத் தூக்கினேன், நாக்கின் அடியை இறுக்கினேன், மூன்று வருடமாகப் போகாத உயரத்துக்கு மொத்த உடம்பையும் தள்ளினேன். உள்ளே சின்னதாக என்னவோ விட்டது. தையல் விடுகிற மாதிரி. அப்புறம் சத்தமே இல்லை. வாய் திறந்திருக்கிறது, காற்று போகிறது, சத்தம் இல்லை. சவுண்டு ஆள் மைக்தான் போய்விட்டது என்று அவசரமாக ஒலியைக் கூட்டினார். ஸ்பீக்கர் முழுக்க என் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. வேறு வழியில்லாமல் மைக்கைக் கூட்டத்தைப் பார்த்து நீட்டினேன். அவர்கள் பாடினார்கள். சாமு அண்ணன் பாடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

டாக்டர் வாய் வழியாகக் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். குரல் நாண் இரண்டும் வெள்ளையாக, நாடா மாதிரி இருக்க வேண்டுமாம். எனக்கு ஒன்று வெள்ளை, ஒன்று செக்கச் செவேல். ரத்தக் குழாய் ஒன்று உடைந்து உள்ளே பரவியிருந்தது. "மாத்தாடபேடி" என்றார் டாக்டர் கன்னடத்தில். பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதலாம். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே என் மனைவி அவ்வளவு மலர்ந்த முகத்தோடு இருந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகளின் பழைய சிலேட்டைத் துடைத்து என் மடியில் வைத்தாள். "உப்பு கம்மி" என்று எழுதிக் காட்டினால், "எழுத்து புரியல" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் யூசுஃப் வந்தான். கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"அரே முனி, ஒண்ணு சொல்லணும். இப்ப சொன்னாத்தான் உண்டு. நீ கத்த மாட்ட பாரு."

நான் சிலேட்டில் கேள்விக்குறி போட்டேன்.

சொன்னான். தடித்த தந்தி, அரைக் கட்டை, அப்புறம் இன்னோர் அரை, எல்லாம். "அண்ணன்தான் சொல்லக்கூடாதுன்னாரு. 'அவன் பாடிகினு இருக்கட்டும்டா, சந்தோஷமா இருக்கான்'ன்னாரு. நானும் தலையாட்டிட்டேன். கசம் சே, சத்தியமா, ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னாடி மேடைய சுத்திச் சுத்திப் பாப்பேன். யாராச்சும் மேடைக்குக் கீபோர்டு எடுத்தாந்துடுவானோன்னு."

கத்துவதற்கு என்னிடம் நிறைய இருந்தது, சத்தம்தான் இல்லை. சாக்குக் கட்டியை எடுத்தேன். ரெண்டு கெட்ட வார்த்தை எழுதி அழித்தேன். கடைசியில், "நல்லா இருந்துச்சா?" என்று எழுதினேன்.

"இன்னாது?"

சிலேட்டைத் தட்டிக் காட்டினேன். கீழே இறக்கிப் பாடியதைத்தான் கேட்டேன்.

யூசுஃப் அழுதுவிட்டான். "அதுதான்டா நல்லா இருந்துச்சு."

நாண் ஆறியதும் குரல் பயிற்சி தருகிற ஓர் அம்மாவிடம் அனுப்பினார்கள். நான் முதலில் எழுதினேனே, நெஞ்சுக் குரலில் தலைக் குரலைக் கலப்பது, கரகரப்பை மேல் மடிப்பில் வைப்பது, அதெல்லாம் அந்த அம்மா சொல்லித் தெரிந்துகொண்டதுதான். பாட வந்தபோது தெரிந்திருக்க வேண்டியது, பாடி முடித்த பிறகு தெரிந்தது. கீபோர்டை வைத்துக்கொண்டு என்னைப் படிப்படியாக மேலே ஏற்றினார். பி ஃப்ளாட்டில் நிறுத்தினார். வலியே இல்லாமல் நின்றது.

"இதுதான் உங்க குரலோட கூரை. இதுக்குள்ள பாடினா அறுபது வயசுலயும் பாடலாம்" என்றார்.

சாமு அண்ணன் மூன்று வருடத்துக்கு முன்பே, காதை மரத்தில் வைத்து, அதே கூரையைத்தான் எனக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்.

அவரே ஆள் அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் மர்பி டவுன் அறைக்குப் போனேன். நான் மைதானத்தில் கேட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, "தண்ணி குடி" என்றார். பிறகு கிட்டாரை எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை சுவரைப் பார்த்து உட்காரவில்லை, என்னைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஒரு கட்டை எறக்கி வெச்சிக்கிறேன். மூணு வருசமா நீ பாடினது இதுலதான். பாடு."

பாடினேன். சரணம் சுகமாக வந்தது. கூண்டு இறங்கியது. கடைசி எடுப்புக்குப் பக்கத்தில் போனதும் தொண்டை தானாக மூடிக்கொண்டது. வலி இல்லை, புண் இல்லை, டாக்டர் சுத்தமாக இருக்கிறது என்று சொன்ன தொண்டை. இது சி இல்லை, இது பி ஃப்ளாட் என்று உள்ளே ஒருவன் பேசிக்கொண்டே இருந்தான். மறுபடி போனோம். மறுபடி அதே இடம்.

"கண்ண மூடிக்கோ" என்றார். "பழைய மாதிரி பாடு."

"பழைய மாதிரின்னா, நீங்க பொய் சொல்லணுமேண்ணா."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஸ்டூலோடு திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். தந்தியைத் தட்டுகிற சத்தமும், திருகுகிற தோள் அசைவும். எவ்வளவு ஏற்றுகிறார், எவ்வளவு இறக்குகிறார், எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் எனக்கு முதுகைக் காட்டியிருக்கிறார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ம். இப்ப எங்க இருக்குதுன்னு உனக்குத் தெரியாது. பாடு."

வாசிக்க ஆரம்பித்தார். நான் மூச்சை இழுத்தேன். விலா விரிந்தது, வயிறு சரியாக இருந்தது, நாக்கு தளர்ந்து இருந்தது. டெக்னிக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் காது பாட்டில் இல்லை. காது போய் அந்தத் தந்தியில் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு, எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தது. பாடவேண்டிய இடம் வந்தது. வாயைத் திறந்தேன்.

"அண்ணா, எவ்ளோ எறக்கிக்கிறீங்க?"

அவர் கை நின்றது. திரும்பாமலே சொன்னார்.

"ஏத்தவும் இல்ல, எறக்கவும் இல்லடா, முன்ன இருந்த எடத்துலதான் கீது. சும்மா கைய அங்க வெச்சேன்."

கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். ஜன்னலைத் திறந்து, கீழே இருந்த கடைக்குக் குரல் கொடுத்தார். ரெண்டு பாதாம் பால் என்றார்.